ஊசி, நூல், ஓவன்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தென்னாப்பிரிக்கக் குளிர்காலத்தில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பின்னல், பழைய துணி, கேக் பற்றியவைதான். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் இந்த இதழில் இடம் போதாது என்பதால், பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம்.

கேள்வி: புரட்டாசி வரப்போகிறது. எங்கள் வீட்டில் மாதம் முழுக்க முட்டைகூடக் கிடையாது. பேத்தியின் பிறந்தநாளும் அந்த மாதத்தில்தான் வருகிறது. முட்டையில்லாமல் நான் செய்யும் கேக் மேலே நன்றாகச் சிவந்துவிடுகிறது, வெட்டினால் நடுவில் களி மாதிரி இருக்கிறது. கடையில் வாங்க மனமில்லை. வழி சொல்லுங்கள் அக்கா. (வாசகி, வெருலம்)

பதில்: முட்டை கேக்கில் மூன்று வேலை செய்கிறது. மாவைப் பிடித்து நிறுத்தும், காற்றை உள்ளே தாங்கும், ஈரம் கொடுக்கும். அதை எடுத்துவிட்டால் இந்த மூன்றுக்கும் வேறு வழி பார்க்க வேண்டும். நம்மில் பலர் ஆப்ப சோடாவை இரண்டு மடங்காகப் போட்டு ஈடுகட்டப் பார்க்கிறோம். அப்படிப் போட்டால் கேக் வேகமாக எழும்பி, வேகும் முன்பே அமுங்கிவிடும், வாயில் சோப்பு ருசியும் வரும்.

நான் நம்பிச் செய்வது கண்டென்ஸ்டு மில்க் கேக். 385 கிராம் டின் ஒன்று, உருக்கிய வெண்ணெய் 125 கிராம், பால் 200 மில்லி, வெனிலா கொஞ்சம். இவற்றை ஒன்றாக அடித்துக்கொள்ளுங்கள். கேக் மாவு 2 கப் (280 கிராம்), பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஆப்ப சோடா 1 தேக்கரண்டி, சிட்டிகை உப்பு, இவற்றைச் சேர்த்துச் சலித்து அதில் போட்டு, மாவுக் கட்டி மறையும்வரை மட்டும் கிளறுங்கள். கடைசியாக வெள்ளை வினிகர் 1 மேசைக்கரண்டி. சர்க்கரை தனியாக வேண்டாம், டின்னில் உள்ளதே போதும்.

வினிகர் விழுந்ததும் சோடா நுரைக்க ஆரம்பித்துவிடும், அந்த நுரைதான் உங்கள் கேக்கைத் தூக்கப்போகிறது, ஆகையால் ஓவன் அதற்கு முன்பே 170 டிகிரியில் சூடாகித் தயாராக இருக்க வேண்டும், கேக் டின்னில் காகிதம் போட்டிருக்க வேண்டும், யாராவது போன் செய்தாலும் எடுக்கக்கூடாது. களி வருவதற்கு முக்கியமான காரணம் கலந்த மாவைக் காக்கவைப்பதுதான். இன்னொரு காரணம் ஒரே ஆழமான டின்னில் எல்லாவற்றையும் ஊற்றுவது. இந்த அளவை 20 சென்டிமீட்டர் டின் இரண்டில் பிரித்து ஊற்றினால் நடுப்பகுதி 30 முதல் 35 நிமிடத்தில் வெந்துவிடும். கண்டென்ஸ்டு மில்க் சீக்கிரம் சிவக்கும், அதனால்தான் மேலே பார்த்து ஏமாந்துபோகிறோம். மேலே நிறம் வந்துவிட்டால் ஃபாயில் போட்டு மூடிவிட்டு, நடுவில் குச்சி குத்திப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பாலுக்குப் பதில் மாஸ் (புளித்த பால்) ஊற்றலாம், அதிலேயே புளிப்பு இருப்பதால் அப்போது வினிகர் தேவையில்லை. அலங்காரம் செய்யும்போது ஒன்று கவனியுங்கள். குழந்தைக்குப் பிடிக்குமே என்று மார்ஷ்மெல்லோ வைத்துவிடாதீர்கள், சாதாரணமாகக் கடையில் கிடைப்பதில் ஜெலட்டின் இருக்கும், அது விரதத்துக்கு ஆகாது. ராயல் ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு. வெண்ணெய் ஐசிங் போதும், பேத்தி பெயரை அதிலேயே எழுதிவிடலாம்.

கேள்வி: கல்யாணமாகி டர்பனிலிருந்து லெனேசியா வந்தேன். அம்மாவின் அதே அளவு, அதே டின், அதே பிராண்ட் மாவு. அங்கே பஞ்சு போல் வந்த கேக் இங்கே நடுவில் குழிந்துவிடுகிறது. என் கைராசி போய்விட்டதா? (வாசகி, லெனேசியா)

பதில்: கைக்கு ஒன்றும் ஆகவில்லை தங்கச்சி, நீங்கள் மேட்டுக்குப் போயிருக்கிறீர்கள். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, உங்கள் லெனேசியா பக்கத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறதே, அதுவும் இதனால்தான். கேக்குக்குள் உண்டாகும் வாயு அங்கே அதிகமாக விரியும், மாவு கெட்டிப்படும் முன்பே உச்சிக்குப் போய் உட்கார்ந்துவிடும்.

அம்மாவின் அளவில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள். ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள். பாலில் இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள், ஏனென்றால் அந்த உயரத்தில் ஈரம் சீக்கிரம் போய்விடும். ஓவனை 10 டிகிரி கூட்டி வைத்து, சில நிமிடம் முன்னதாகவே பார்க்க ஆரம்பியுங்கள். முட்டையை ரொம்ப நேரம் அடிக்கவும் வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல் முதலில் பேக்கிங் பவுடரை மட்டும் குறைத்துப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். சரியான அளவு கிடைத்ததும் அம்மாவின் நோட்டிலேயே பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கேள்வி: அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. கார்மெண்ட் ஃபேக்டரியில் தைத்து எங்களை வளர்த்தவர். அலமாரியில் அவருடைய புடவைகள், காட்டன், நைலெக்ஸ், பட்டு எல்லாம் இருக்கின்றன. யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. அக்கா தங்கைகள் நான்கு பேருக்கும் அவற்றில் குவில்ட் (துண்டுத்துணிப் போர்வை) தைக்கலாம் என்று ஆசை. எனக்கு மெஷினில் நேராகத் தைக்க மட்டும் தெரியும். முடியுமா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: முடியும், நேராகத் தைக்கத் தெரிந்தாலே போதும். டர்பன் கார்மெண்ட் ஃபேக்டரிகளில் நம் பெண்கள் எத்தனையோ பேர் வேலை செய்தார்கள், அங்கிருந்து வந்த வெட்டுத்துணிகளில்தான் பல வீடுகளில் தலையணை உறையும் போர்வையும் ஆயின. உங்கள் அம்மா இருந்திருந்தால் இந்த வேலையை உங்களைவிட வேகமாக முடித்திருப்பார், அந்தக் கையிலிருந்துதான் உங்கள் கை வந்திருக்கிறது.

முதலில் எதையும் வெட்டாதீர்கள். நான்கு பேரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து, வெட்டக்கூடாத புடவையை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். ஒன்றாவது முழுசாக இருக்கட்டும். மீதியை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டு பல வருடம் ஒரே மடிப்பில் இருந்திருந்தால் அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும், இரண்டு விரலால் லேசாக இழுத்தாலே தெரியும். தோளில் பின் குத்திய இடம், கொசுவம் செருகிய இடம், இவையும் நைந்திருக்கும். அப்புறம் கீழே ஃபால்ஸைப் பிரியுங்கள். உள்பக்கம் வெயில் படாமல் இருந்ததால், வாங்கிய நாளில் புடவைக்கு இருந்த நிறம் அங்கே ஒரு பட்டையாக அப்படியே இருக்கும். அந்தப் பட்டையை எறிந்துவிடாதீர்கள், நான்கு குவில்ட்டிலும் ஒரு துண்டு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

புடவைத் துணி வழுக்கும், நெளியும். வெட்டும் முன்பே பின்பக்கம் மெல்லிய ஒட்டு கேன்வாஸ் வைத்து அயர்ன் செய்துவிட்டால் அது காட்டன் மாதிரி அடங்கி நிற்கும். நைலெக்ஸுக்கு மட்டும் குறைந்த சூட்டில், மேலே ஒரு துணி போட்டு அயர்ன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உருகிவிடும். மெஷினில் பட்டுக்கு 70 நம்பர் ஊசி போடுங்கள். ஜரிகைக் கரையை நடுவில் வைக்காதீர்கள், உடம்பில் குத்தும், ஊசியும் மழுங்கும்.

15 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டுங்கள். ஓரத்தில் 6 மில்லிமீட்டர் விட்டுத் தைத்தால் ஒவ்வொன்றும் 13.8 சென்டிமீட்டராக நிற்கும். குறுக்கே 8, நெடுக்கே 10, மொத்தம் 80 சதுரம். தைத்து முடித்ததும் 110க்கு 138 சென்டிமீட்டர் வரும், சோபாவில் உட்கார்ந்து மடியில் போர்த்திக்கொள்ள சரியான அளவு. படுக்கை அளவுக்கு முதலிலேயே போகாதீர்கள், நான்கு வேண்டும் என்கிறீர்கள்.

எண்பதும் புடவையாக இருக்க வேண்டியதில்லை. பாதியை ஷ்வேஷ்வே துணியில் வையுங்கள், ஒன்று விட்டு ஒன்றாக. அந்த அடர் நீலம் பட்டின் மெரூனையும் பச்சையையும் தூக்கிக் காட்டும், முழுக் காட்டன் என்பதால் வழுக்குகிற துண்டுகளைப் பக்கத்தில் பிடித்தும் நிறுத்தும். நீலச் சாயம் ஏற்றிய துணியில், பூவேலை செதுக்கிய செப்பு உருளைகளால் மெல்லிய அமிலத்தை ஒற்றி, அந்த இடங்களில் சாயத்தை வெளுக்கவைத்து உண்டாக்கும் டிசைன் அது. பாசோத்தோ மன்னர் மொஷ்வேஷ்வேயின் பெயரால் வந்த பெயர். கிழக்குக் கேப்பில் ஸ்வெலிட்ஷாவிலுள்ள டகாமா ஆலையில் தயாராகும் 'மூன்று பூனை' முத்திரை பின்பக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொட்டால் காகிதம் போல் விறைப்பாக இருக்கும், உப்பு வாடையும் வரும், அது கஞ்சிதான், துவைத்தால் போய்விடும். வெட்டும் முன் கட்டாயம் துவைக்க வேண்டும், தனியாக, ஏனென்றால் சுருங்கவும் செய்யும், நீலமும் விடும். அம்மாவின் பட்டில் அந்த நீலம் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. கிரே ஸ்ட்ரீட் பக்கம் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள், வாங்கும்போது அகலம் 90 சென்டிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்து அளவு சொல்லுங்கள்.

மூன்று அடுக்கு வேண்டும்: மேலே சதுரங்கள், நடுவில் காட்டன் பஞ்சு விரிப்பு, அடியில் மிருதுவான ஒரு காட்டன் புடவை. நம் டர்பன் குளிருக்கு நடுவில் பழைய ஃபிளானல் பெட்ஷீட் வைத்தாலும் போதும். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலைக் கையாலேயே போடுங்கள் என்று சொல்வேன். ஓட்டுத்தையல்தான், நேரமாகும், ஆகட்டும். ஒருநாள் ஒரு சகோதரி வந்து ஒரு வரிசை போடலாம், நான்கு பேர் கையும் நான்கிலும் படும். இதை மெஷினில் துவைக்கக் கூடாது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆயாவின் பழைய நிட்டிங் ஊசிகள் கிடைத்தன, தலையில் 8 என்று இருக்கிறது. இணையத்தில் எடுத்த அமெரிக்க பேட்டர்னிலும் 8 என்றுதான் கேட்கிறது. ஆனால் ஜெர்சி சிறுவன் சைசுக்கு வந்து நிற்கிறது. (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இரண்டும் வேறு வேறு எட்டு. ஆயாவுடையது பழைய பிரிட்டிஷ் நம்பர், அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க 8 என்றால் 5 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் முறையில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க முறையில் தடிக்கும். 4 மில்லிமீட்டரில் டபுள் நிட் எனும் நடுத்தரத் தடிமன் நூலைப் பின்னினால் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும். 5 மில்லிமீட்டர் ஊசியில் தடித்த நூலுக்கு 18 கண்ணிதான். 100 கண்ணி போட்டால் ஒன்றில் 45 சென்டிமீட்டர், மற்றதில் 55. உங்கள் ஜெர்சி எங்கே சுருங்கியது என்று புரிகிறதல்லவா? இனி நம்பரைப் பார்க்காமல் மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள், ஒரு சின்னச் சதுரம் பின்னி அளந்த பிறகே ஆரம்பியுங்கள். ஆயாவின் ஊசிகளை ஒதுக்கிவிட வேண்டாம், டபுள் நிட் நூலுக்கு அதைவிட நல்ல அளவு கிடையாது. இப்போது பின்னியதும் வீண் போகாது, அந்த சைசில் ஒரு பையன் குடும்பத்தில் இருப்பானே.

கேள்வி: ரிட்டயர் ஆன பிறகு பின்னுகிறேன், பிஸ்கட் செய்கிறேன், அக்கம்பக்கம் எல்லோருக்கும் கொடுக்கிறேன். 'இவ்வளவு செய்கிறீர்களே, விற்றால் என்ன, நேரம் வீணாகிறதே' என்று மகள் தினமும் சொல்கிறாள். எனக்கு விற்கப் பிடிக்கவில்லை, ஆனால் அவள் சொல்வதும் சரியோ என்று உறுத்துகிறது. (வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் அம்மா, அதுவே பதில். சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஊசியை எடுத்து உட்கார்வது உங்களுக்கு ஓய்வு, உங்கள் சந்தோஷம். அதற்கு விலை போட்டால் மறுநாள் முதல் அது ஆர்டர், தேதி, 'கலர் சரியில்லை' என்ற பேச்சு. நாற்பது வருடம் அப்படி வேலை செய்தாகிவிட்டது, போதும்.

மகள் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறாள், அவளுக்குக் கணக்காகவே காட்டுங்கள். பெரியவர் ஜெர்சி ஒன்றுக்கு டபுள் நிட் நூல் 500 முதல் 600 கிராம் வரை வேண்டும், பல வாரச் சாயங்காலங்கள் வேண்டும். நூல் விலையோடு மணிக்கு ஒரு நியாயமான கூலியையும் சேர்த்து விலை சொன்னால் கடை ஜெர்சியின் விலையைப் பல மடங்கு தாண்டிவிடும், வாங்குபவர் இருக்க மாட்டார். கூலியை விட்டுவிட்டு விற்றால் உங்கள் உழைப்பை நீங்களே மலிவாக்கியதாகும். தெரிந்தவர் கழுத்தில் நீங்கள் பின்னிய ஸ்கார்ஃபைப் பார்க்கும்போது கிடைக்கும் நிறைவை எந்த விலையும் தராது, அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

பிஸ்கட் கொஞ்சம் வேறு. தீபாவளிக்கு மட்டும் ஆர்டர் எடுக்கலாம் என்று எப்போதாவது தோன்றினால் நடக்கக்கூடியதுதான். ஆனால் வீட்டில் செய்து விற்கவும் 2018ஆம் ஆண்டின் ஆர்638 உணவுச் சுகாதார விதிப்படி முனிசிபாலிட்டி சுகாதாரப் பிரிவில் சான்றிதழ் வாங்க வேண்டும், சமையலறையைப் பார்க்க ஆள் வருவார்கள். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள். தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பி வராது என்பது ஃபீனிக்ஸ்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. எங்கள் ஊர் மோஹேர் நூலில் சால்வை பின்ன நினைக்கிறேன். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா? (வாசகி, மலபார், போர்ட் எலிசபெத்)

பதில்: குழந்தைக்கு வேண்டாம், மகளுக்குப் பின்னுங்கள். மோஹேர் முடி உதிரும், குழந்தை எல்லாவற்றையும் வாயில் வைக்கும். குழந்தைக்கு மெஷினில் துவைக்கக்கூடிய மெல்லிய காட்டன் நூல்தான், அதுவும் துளைகள் இல்லாத பின்னலில், விரல் மாட்டிக்கொள்ளக் கூடாது.

ஆனால் உங்கள் ஊர் நூலைப் பற்றி நீங்கள் பெருமைப்படலாம். உலகின் மோஹேரில் பாதியளவு தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் போகிறது, கரூ பகுதி அங்கோரா ஆடுகளின் முடி, உங்கள் ஊர்தான் அதற்குச் சந்தை. 1838இல் துருக்கியிலிருந்து இந்த ஆடுகள் வந்தபோது, இங்கே இனம் பெருகிவிடக்கூடாது என்று கிடாக்களுக்கெல்லாம் காயடித்து அனுப்பினார்களாம், கூட வந்த ஒரே பெட்டை கப்பலிலேயே கிடாக்குட்டி போட்டதாம். அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பின்னும்போது நூல் கேட்பதைவிடப் பெரிய ஊசி எடுங்கள், முடிகள் விரிய இடம் வேண்டும். பிரிக்க நேர்ந்தால் முடிகள் ஒன்றுக்கொன்று சிக்கிக்கொள்ளும், எளிதில் பிரிந்து வராது. பிளாஸ்டிக் பையில் போட்டு ஒரு மணி நேரம் ஃபிரீசரில் வைத்துவிட்டுப் பிரித்தால் ஓரளவு இளகி வரும்.

கேள்வி: நான் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி பின்னுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆண்பிள்ளை நிட்டிங் செய்வதா என்று பேரன் சிரிக்கிறான். எதில் ஆரம்பிக்கலாம்? (வாசகர், டோங்காட்)

பதில்: ஆரம்பியுங்கள் அண்ணா, பேரனையும் பக்கத்தில் உட்காரவைத்து நூலைப் பிடிக்கச் சொல்லுங்கள். மெஷின்களோடு பழகிய கைக்கு இது சீக்கிரம் வசப்படும். இளம் நிறத்தில் கொஞ்சம் தடித்த நூல், 5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி. கறுப்பு, கருநீலம் வேண்டாம், கண்ணி கண்ணுக்குத் தெரியாது. மூங்கில் வழுக்காது, கண்ணி நழுவுவது குறையும். 36 கண்ணி போட்டு, எல்லா வரிசையும் ஒரே நேர்ப்பின்னலாகப் பின்னிக்கொண்டே போங்கள், ஓரம் சுருண்டுகொள்ளாது. 20 சென்டிமீட்டர் சதுரமானதும் முடித்துவிட்டு அடுத்தது. மடியில் அடங்குகிற வேலை, பாதியில் வைத்துவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போனாலும் ஒன்றும் கெடாது.

சதுரங்கள் சேர்ந்ததும் மனைவி இணைத்துப் போர்வையாக்கித் தரட்டும். ஜூலை 18 மண்டேலா தினத்துக்காகப் போர்வை பின்னிக் கொடுக்கும் '67 பிளாங்கட்ஸ்' இயக்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2013 இறுதியில் கேரலின் ஸ்டெய்ன் தொடங்கியது, மண்டேலாவின் 67 வருடப் பொதுவாழ்வை நினைத்து வைத்த எண். அந்த மாதிரிப் போர்வைகளில் ஆண்கள் பின்னியவையும் நிறைய உண்டு. சிறைச்சாலைகளில்கூடப் பின்னிக் கொடுத்திருக்கிறார்கள். பேரனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் செய்யும் ரஸ்க் இரண்டே நாளில் நமுத்துவிடுகிறது. (வாசகி, ஸ்டேங்கர்)

பதில்: நம் கடற்கரை ஈரக்காற்றுக்குச் செய்முறையில் சொல்வதைவிட அதிக நேரம் காயவைக்க வேண்டும். வெந்ததைத் துண்டுபோட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் கம்பித்தட்டில் அடுக்கி, 90 டிகிரியில் ராத்திரி முழுக்க விடுங்கள், ஓவன் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி லேசாகத் திறந்து வைத்தால் ஈரம் வெளியே போகும். காலையில் ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடுவில் கொஞ்சமாவது வளைந்தால் இன்னும் இரண்டு மணி நேரம். நன்றாக ஆறிய பிறகே டின்னில் போட்டு மூடுங்கள், சூட்டோடு மூடினால் உள்ளேயே வேர்த்துவிடும்.